ஐயர் நிறுத்தச் சொன்ன எஞ்சின்

கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது மகள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மண்டபத்துக்கு அவளை என்னுடைய பழைய காரில் ஏற்றிப் போகவேண்டும், ஓட்டுவது நானாக இருக்கவேண்டும். லிமோசின் எல்லாம் வேண்டாம் என்று அவள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் ஆடி அடங்கிய பிறகுதான் மனைவி மெல்லக் கேட்டாள்.

"அந்தக் காருக்கு எஞ்சின் இல்லையெல்லே?"

உண்மைதான். எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார் அது. நீண்ட மூக்கு, அகன்ற பின்பக்கம். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி லொறி ஓட்டுகிற நான், வீட்டுத் தேவை எதுவும் இல்லாமல் ஆசைக்கென்று வாங்கிய ஒரே பொருள். அதன் எஞ்சின் எப்போதோ இறுகிச் செத்து, கழற்றி வீசியாகிவிட்டது. மொன்ட்ரியாலின் வடபகுதியில் மச்சான் வீட்டுக் கராஜில் கார் துணி போர்த்திக் கிடந்தது. மச்சான் என் மனைவியின் அண்ணன், லொறி மெக்கானிக். வாய் நீளம், வேலை சுத்தம்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், நடன வகுப்பு, நீச்சல் எல்லாவற்றுக்கும் அவளைக் கொண்டுபோனது தாய்தான். அதனால் இந்த ஒரு பயணத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைத்தேன் என்று விளக்கத் தேவையில்லை. கார் ஓடாவிட்டால் அந்தப் பயணமும் இல்லை.

பக்கத்து நகரமான லவாலில் பழைய கார்களுக்கு எஞ்சின் விற்கும், பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக்காரரிடம் மச்சானும் நானும் போனோம். மூன்றைக் காட்டினார். முதலாவது ஒரு பூதம். நான் அதைத் தடவத் தொடங்கியதுமே, அது பந்தயத் திடலுக்கு மட்டும், தெருவில் விட்டால் முதல் சந்தியிலேயே பொலிஸ் மறிக்கும் என்றார். இரண்டாவது ஏழு லீட்டருக்கு மேல், ஆனால் ஒழுங்கான சைலென்சர் போட்டுச் சட்டப்படி தெருவில் ஓடலாம். மூன்றாவது அதைவிடச் சிறியது, புதுமுறையில் செய்தது, வலுவிலும் குறைச்சல் இல்லை என்றார். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியது கண்முன்னே நிற்க யாராவது சிறியதை எடுப்பார்களா?

இரண்டாவதைக் கட்டித் தரும்போது அவர் ஒன்றை வற்புறுத்திச் சொன்னார். வால்வுகளைத் தூக்கி இறக்கும் தண்டு இதில் பழைய முறையில் செய்தது. முதன்முதலில் ஸ்டார்ட் செய்தால் இருபது நிமிடம் விடாமல் உறுமவிட வேண்டும். இடையில் நிறுத்தக்கூடாது, மெல்ல ஓடவும் விடக்கூடாது, விட்டால் தண்டு தேய்ந்து எஞ்சின் பாழ். "வி, வி" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டு இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

மச்சான் அதைக் காரில் பொருத்தி முடித்ததும் மனைவி பஞ்சாங்கத்தை எடுத்தாள். கல்யாணக் கார் அல்லவா, நல்ல நேரத்தில்தானே உயிர் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை காலை ஐயர் வந்தார். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், முன்னால் தேங்காய், கற்பூரம். குறித்த நேரத்துக்குச் சாவியைத் திருப்பினேன். கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயருடைய வாய் அசைவது தெரிந்தது, மந்திரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையைக் காட்டினார்.

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ. கற்பூரம் காட்டவேணும்."

ஐயர் சொன்னால் எங்கள் ஆட்களில் யார் மறுத்துப் பேசுவது? நிறுத்தினேன். மச்சானும் கண்ணை மூடிக் கும்பிட்டபடிதான் நின்றார். பிறகு ஸ்டார்ட் செய்தோம். படம் எடுக்க நிறுத்தினோம். மறுபடி ஸ்டார்ட் செய்து, தேசிக்காய் நசியும்படி மெல்ல உருட்டினோம். எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

பின்னேரம் எஞ்சினுக்குள் டக் டக் என்று கேட்கத் தொடங்கியது. மச்சான் எண்ணெயை வடித்தார். அதில் இரும்புத் தூள் மினுங்கியது.

"முடிஞ்சுது, மச்சான். ஐயரைக் கொஞ்ச நேரம் வெளியில இருத்தி ஒரு தேத்தண்ணி குடுத்திருக்கலாம்" என்றார்.

கல்யாணத்துக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் சொன்னாள். மகள் ஃபோனில், "பரவாயில்லை அம்மா, அப்பாவை யோசிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாளாம். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடியும் லவாலுக்குப் போனோம். இந்த முறை மனைவியும் வந்தாள். தான் வேலை செய்யும் கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய பிரெஞ்சில், ஐயர், கற்பூரம், தேசிக்காய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவள் விளக்கினாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பாதிரியார் வந்து தண்ணீர் தெளிக்கும்வரை டிராக்டரை வயலில் இறக்கத் தன் தாயும் விடமாட்டாள் என்றார். பிறகு மூன்றாவது எஞ்சினைத் தட்டிக் காட்டினார். அதன் தண்டு சின்ன உருளைகளில் ஓடுகிறது. முதல் நாளே எத்தனை தரம் நிறுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பாழானதையும் தானே திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"இதுதானப்பா எங்கட ஆக்களுக்குச் சரி" என்றாள் மனைவி. இப்படியொரு காரணத்துக்காக எஞ்சின் தேர்ந்தெடுத்த குடும்பம் எங்களைத் தவிர வேறு இருக்காது.

அதன் பிறகு மச்சான் ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து, சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். நான் லைட் பிடித்தேன். அதுவும் சரியாகப் பிடிக்கத் தெரியாதென்று ஏச்சு வாங்கினேன். அந்த மனிதருக்கு நான் ஆயுசுக்கும் நன்றியுள்ளவன். நேரில் சொன்னால் அதற்கும் ஏசுவார், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். ஐயரும் கேள்விப்பட்டு, கூப்பிடாமலே வந்தார். முதலில் பூசை, பிறகு சாவி. பூசை முடிந்ததும் தள்ளிப்போய் நின்றுகொண்டு, "இனி உங்கட விருப்பம்" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். முதுகு சீற்றோடு ஒட்டிவிட்டது. சிறியது என்று அலட்சியமாகச் சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மகள் பட்டும் பூவுமாகப் பின் சீற்றில் இருந்தாள். மனைவி என் பக்கத்தில். வெயில், நெரிசல், சிவப்பு விளக்குகள். எஞ்சின் சூடாகவில்லை, முனகவும் இல்லை. நான் கண்ணாடியில் மகளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குத் திரும்பும் இடத்தில் மேளச் சத்தம் கேட்டது. நான் சிக்னல் போட்டேன்.

"அப்பா, இப்ப உள்ளுக்குப் போகாதேங்கோ" என்றாள் மகள். "இன்னொருக்காச் சுத்துவமோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். முகூர்த்த நேரம் அவளுக்கு மனப்பாடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

"சுத்துங்கோ. ஐயர் நிப்பார்" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் கையைக் காட்டக் காட்ட, நான் மண்டபத்தைத் தாண்டி நேரே விட்டேன்.