அத்தை சொல்லாமல் விட்ட வசனம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் கிடக்கிறது. திரையின் மூலையில் விரிசல். சார்ஜரைச் சொருகினால் உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும். தூக்கிப் போடுங்கள் என்று என் மனைவி சொல்லாத நாளில்லை. அதில் ஒரே ஒரு கேம் இருக்கிறது. அதன் கடைசிக் காட்சியில் ஓர் அத்தை வீட்டு வாசற்படியில் நிற்பாள், கையில் தூக்குச்சட்டியோடு. வீட்டுப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து மூடுவாள். சத்தம் வராது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அத்தை அங்கேயேதான் நிற்பாள், கொடியில் ஒரு துண்டு மட்டும் காற்றில் ஆடும். இந்தக் கேமைச் செய்தவர்களில் நானும் ஒருவன். நாங்கள் இதை முடிப்பதற்குள் எங்களை முடித்துவிட்டார்கள்.

விருத்தாசலத்தில் வீடியோ கேம் கம்பெனியா என்று கேட்காத ஆளில்லை. இருந்ததுங்க. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், கீழே பீங்கான் ஃப்யூஸ் மூட்டைகள் அடுக்கிய குடோன், மேலே ஒரே ஹாலில் நாங்கள் எட்டுப் பேர். பேட்டையில் பீங்கான் மண் லாரி வந்து இறக்கினால் வெள்ளைத் தூசி படியேறி வந்து கீபோர்டில் உட்காரும். ஜங்ஷனில் ரயில் ஊதினால் குரல் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எங்கள் கேமில் சுடுவது, துரத்துவது, தாவுவது எதுவும் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்போகிற ஊரில் ஓர் அத்தை தனியாக இருக்கிறாள். அவள் வீட்டைக் காலி செய்ய உதவுவதற்காக வெளியூரிலிருந்து மருமகன் வருகிறான். அவனாக இருந்து நாம் விளையாட வேண்டும். எதை எடுத்து வைக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம், அத்தையிடம் என்ன கேட்கிறோம் என்பதை வைத்துக் கதை நகரும். என் அப்பாவிடம் இதை விளக்கியபோது, "சுடறதும் இல்ல, ஓடறதும் இல்ல, அப்புறம் என்னாத்த வெளாடறது?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இந்தக் கதையை எழுதியவர் ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கம்மாபுரம் பக்கத்துக்காரர். வாங்கி வைத்த டீயை ஆறவிட்டு, ஸ்கூட்டி சாவியை எங்காவது வைத்துவிட்டு எல்லோரையும் தேடச் சொல்வார். ஆனால் எழுதிய வசனத்தில் ஒரு எழுத்தை மாற்றினால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். அத்தைக்குக் குரலும் அவர்தான். சென்னையிலிருந்து டப்பிங் ஆள் வரும்வரை சும்மா ஒப்புக்குப் பேசி வைத்தது. கேட்ட பிறகு வேறு ஆளே வேண்டாம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அக்காவிடம் எனக்கு எரிச்சல் மூட்டிய பழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் முதலில் கிளம்புவது அவர். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, படிக்கட்டுக் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்து, "கதவ சாத்திக்குங்க, தூசி வருது" என்பார். கதவோரத்து நாற்காலி என்னுடையது. தினமும் நான்தான் எழுந்து போய்ச் சாத்த வேண்டும். திறந்த கைக்குச் சாத்தத் தெரியாதா என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். "வெளிய போறவ சாத்துனா நல்லாவா இருக்கும் தம்பி? உள்ள இருக்கறவங்கதான் சாத்திக்கணும்" என்றார். சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு நியாயமா என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஒரே ஒரு வசனம் நின்றுகொண்டிருந்தது. சாமான்கள் வண்டியில் ஏறியாயிற்று. அத்தை வாசற்படியில் நின்று கடைசியாக வீட்டைப் பார்த்து என்ன சொல்வாள்? "போயிட்டு வரேன்" என்று போட்டுவிடலாமே என்றார் முதலாளி. அனிமேஷன் பார்த்த நண்பரும் அதே நினைப்பில், அந்தச் சொல்லின் நீளத்துக்கு அத்தையின் வாயை அசைத்து வைத்துவிட்டார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வருவதற்கு அங்கே வீடே இருக்காதே, அவளைப் பொய் சொல்ல வைக்கிறீங்களா என்று சண்டைக்கு வந்தார். சரி, அப்படியானால் போறேன் என்று சொல்லட்டும் என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாசப்படியில நின்னு யாராவது போறேன்னு சொல்லுவாங்களா, வாயிலயே போட மாட்டாங்களா என்று கேட்டார். எதுவுமே சொல்லாமல் போகட்டும் என்றாலும் ஒத்துவரவில்லை. அத்தை அப்படிப் போகிறவள் இல்லையாம். குரல் ஓடி முடிந்தால்தான் அடுத்தது நகரும் என்று நான் நிரல் எழுதியிருந்தேன். குரலே இல்லை என்றால் எது ஓடி எது முடிவது? கேம் வாசற்படியிலேயே நின்றுபோனது.

ஒரு வசனத்துக்கா இவ்வளவு அடம் என்று நான் பல்லைக் கடித்த நாட்கள் உண்டு. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். அவர்கள் வீடும் அப்படிச் சுரங்கத்துக்குப் போனதுதான். அம்மா சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்றைக்கு இவர் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தார், மறுநாள் பரீட்சை. லீவுக்கு வந்து பார்த்தபோது தெருவே இல்லை. வாசலில் நின்று கடைசியாக என்ன சொன்னாய் என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறார். "என்னாத்த சொன்னேன், சட்டி பானைய ஏத்தறதுலயே உசுரு போச்சு, ஞாபகம் இல்ல" என்பதுதான் எப்போதும் பதில். அந்தப் படியில நான் ஒரு தடவையாவது நிக்கணும் தம்பி என்றார். நான் அதற்குப் பிறகு அந்த வசனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு அது கேம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஒருநாள் காலை முதலாளி போனில் பேசிவிட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார். டீ வந்த பிறகு, "கடைய சாத்தச் சொல்லிட்டாங்க" என்றார். எங்களுக்குப் பணம் போட்ட வெளியூர்க் கம்பெனி, கதை சொல்கிற கேம்களே இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதாம். அக்கா ஒரே ஒரு வாரம் கேட்டார். ஒரு வசனம் போட்டு, அத்தை அந்த வாசற்படியைத் தாண்டினால் முடிந்துவிடும் என்றார். முதலாளி எங்கள் முன்னாலேயே அந்தக் கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சினார், இன்னும் என் காதில் இருக்கிறது. முடியாது என்றால் முடியாதுதான். இரண்டாம் நாளே வண்டி வந்து கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் நிரல், படங்கள், அக்காவின் குரல் எல்லாம் சட்டப்படி அவர்களுடையது. பாஸ்வேர்டுகள் வேலை செய்யாமல் போயின. சோதனைக்காக என் பழைய போனில் ஏற்றியிருந்த பிரதி ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பித்தது. அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, பார்க்க மட்டும் முடியும்.

அன்று சாயங்காலம் ஹாலில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். கட்டடக்காரரிடம் ஒப்படைக்க வேண்டிய சாவி என்னிடம் இருந்தது. மேசைகள் இருந்த இடங்களில் மட்டும் தரை தூசியில்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் முதலில் படியில் இறங்கி நின்றேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார், இரண்டு படி இறங்கினார், திரும்பி அந்தக் காலி ஹாலைப் பார்த்துச் சொன்னார்:

"கதவ சாத்திக்குங்க, தூசி வருது."

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இதான். அத்த இததான் சொல்லுவா. எங்கம்மாவும் இததான் சொல்லியிருக்கும். தெனம் சொல்றதத்தான சொல்லியிருக்கும், அது எப்புடி ஞாபகம் இருக்கும்?"

சிரித்தார், அப்புறம் அழுதார். ஹெல்மெட்டைக் கழற்றவும் தோன்றாமல் அதற்குள்ளேயே அழுதார். எத்தனையோ மாதம் தேடிய வசனம் தினமும் அவர் வாயில்தான் இருந்திருக்கிறது. தினமும் அதைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டு எழுந்தவன் நான். சட்டென்று எழுந்து ஹாலுக்குள் ஓடினார், மைக் இருந்த மூலைக்கு. அங்கே எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுதான் இருந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. அன்றைக்கு அந்தக் கதவை நான்தான் சாத்திப் பூட்டினேன், வெளியே நின்றுகொண்டு.

முதலாளி பெங்களூருக்குப் போய்விட்டார். அனிமேஷன் நண்பர் ஹைதராபாத்தில். அக்கா சென்னையில் ஏதோ ஓர் ஆப்புக்கு விளம்பர வாசகம் எழுதுகிறார். அம்மாவையும் கூடவே கூட்டிப்போய்விட்டார். ஊரில் மிச்சம் நான் ஒருவன்தான். பீங்கான் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊரை விட்டுப் போன கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. முன்னும் இல்லை பின்னும் இல்லை, நலமா என்ற கேள்விகூட இல்லை. அத்தையின் குரலில் அந்த ஒரு வசனம் மட்டும்.

எப்போதாவது பழைய போனைச் சார்ஜரில் சொருகி, கேமைத் திறந்து, அத்தையை வாசற்படிவரை கூட்டி வருவேன். அவள் வாயைத் திறக்கும்போது புதிய போனில் அந்தப் பதிவை ஓட விடுவேன். வாயும் குரலும் சரியாக ஒட்டாது. அந்த வாயை "போயிட்டு வரேன்" அளவுக்குத்தான் நண்பர் அசைத்து வைத்திருந்தார். "கதவ சாத்திக்குங்க" என்பதோடு அத்தை வாயை மூடிவிடுவாள், "தூசி வருது" மூடிய வாயிலிருந்து வரும். குரல் முடிந்த பிறகும் கேம் நகராது. நகராது என்று எனக்குத் தெரியாதா, அதை எழுதியவனே நான்தானே. அத்தை படியில் நிற்கிறாள், துண்டு ஆடுகிறது. மண் லாரி ஒன்று எங்கள் தெரு வழியாகப் போகிறது. எல்லோரும் போய்விட்டார்கள், உள்ளே இருப்பவன் நான்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறேன்.