நான்காவது போல்ட்

என் அப்பா அணுமின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். ஃபிட்டராகச் சேர்ந்து பராமரிப்பு மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். அங்கே அவருக்குப் பெயர் சுத்தியல். சட்டைப் பையில் விரல் நீளச் சுத்தியல் ஒன்று இருக்கும். எந்த போல்ட்டைக் கண்டாலும் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சுவரையாவது தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

"சுவரு நிக்கும். நீங்க முதல்ல உக்காருங்க" என்பாள் அம்மா.

அவரைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எதைத் தொடங்கினாலும் ஒரு போல்ட்டில் வந்து நிற்கிறேன். அதனால் அதையே எழுதுகிறேன்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். போன வருடம், எங்கள் பகுதிக்கு எதிர்பார்க்க வேண்டிய நிலநடுக்கத்தின் அளவைக் கூட்டினார்கள். பழைய நிலையம் புதிய அளவைத் தாங்குமா என்று பார்க்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. முதல் கட்டத்துக்கு எங்களிடையே 'நடை' என்று பெயர். அறை அறையாக நடப்போம். எது விழும், எது எதன்மேல் இடிக்கும், எது தரையோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவோம். பிறகு கணக்கு.

எங்களுக்கு வழி காட்ட நிலையம் அனுப்பிய ஆள் அப்பா. ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

"வாங்க மேடம்" என்றார் வாசலில்.

"வரேன் சார்" என்றேன். எங்கள் குழுத்தலைவர் சிரித்தார். "வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல இவ்வளவு மரியாதை கிடைக்காதுங்க" என்றார் அப்பா.

மூன்றாம் நாள், மின் அலமாரிகள் இருக்கும் அறை. நிலநடுக்கம் வந்தால் உலை தானாக நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகும் அதன் சூடு தணியாது. தணிக்கும் பம்புகளுக்கு மின்சாரம் போவது அந்த அலமாரிகள் வழியாக. ஒவ்வொன்றையும் நான்கு போல்ட்கள் தரையோடு பிடித்திருக்கும். அப்பா ஐந்தாவது அலமாரியின் மூன்று போல்ட்களைத் தட்டினார். நான்காவதிடம் வந்ததும் சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"இதைக் கணக்குல சேர்க்காதீங்க மேடம்."

குனிந்து பார்த்தேன். நட்டு இருந்தது, வாஷர் இருந்தது, துரு இல்லை. வரைபடத்திலும் நான்கு. "ஏன் சார்?"

"சேர்க்காதீங்க."

குழுத்தலைவர், "காரணம் சொன்னாதானே சார் எழுத முடியும்? கனவுல வந்துச்சா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. என் அப்பா படிக்காதவர் மாதிரி ஏதோ உளறுகிறார், அதுவும் என் ஆட்கள் முன்னால் என்று இருந்தது. படிவத்தில் 'நான்கும் சரி' என்று எழுதினேன்.

அலுவலகத்தில் கணக்குப் போட்டபோது நான்கு போல்ட்டுக்குத் தாங்கு விகிதம் 1.18 வந்தது. ஒன்றுக்கு மேல் இருந்தால் தேறியது. யாரும் கேட்காமலே மூன்று போல்ட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். 0.86. அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடினேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"எழுதினியாம்மா?"

"ஆதாரம் இல்லாம எப்படிப்பா எழுதறது?"

"ஆதாரம் நான்தான்."

ஈரச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். நிலையம் கட்டிய காலம். துளை போடும்போது நான்கு சென்டிமீட்டரில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தட்டியது. கம்பியை அறுக்க அனுமதி வாங்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். மறுநாள் காலையில் ஆய்வு. ஃபோர்மன், "முடிச்சிடு" என்றார். அப்பா போல்ட்டை நான்கு சென்டிமீட்டருக்கு அறுத்து நிறுத்தி, உள்பக்கமாக அலமாரியின் அடிச்சட்டத்தோடு ஒரு பொட்டு வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துவிட்டார். ஸ்பானர் போட்டு முறுக்கினால் இறுகும். வருடா வருடம் சோதனையில் தேறியது.

"ஃபோர்மன் சொன்னாருன்னு சொல்லலாம். அறுத்தது என் கை. நானே ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடறேன்."

"பைத்தியமாப்பா உங்களுக்கு? நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. மாலை போட்டு அனுப்புவாங்களா, விசாரணை வைப்பாங்களா?"

"வைக்கட்டும்."

"சரி, என்னை நெனச்சீங்களா? அப்பா வச்ச பொய் போல்ட்டுக்குப் பொண்ணு கையெழுத்துப் போட்டான்னு பேசுவாங்க. என் வேலை போகும். வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதும்மா" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அறிக்கை போனது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

ஓய்வு பெற்று ஏழு வாரத்தில், ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவர் சரிந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நிலையத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். வயதான வெல்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா வச்ச போல்ட்டு அசையாதும்மா." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். செத்தவருக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுவாரம் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே குழுத்தலைவர் முன்னால் போய் உட்கார்ந்து சொன்னேன். பால்கனியில் பேசியதையும் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகினார்.

"ஒலியலைச் சோதனை வச்சா நீளம் தெரிஞ்சிடும். தற்செயலா பார்த்தோம்னு போட்டுடலாம். அப்பா பேரை எதுக்கும்மா இழுக்கணும்? உங்க பேரும் மிஞ்சும்."

என் பெயர் மிஞ்சட்டும் என்றுதான் அப்பாவின் வாயை அடைத்தேன். திருத்தப் படிவத்தில் 'எப்படித் தெரிய வந்தது' என்ற கட்டத்தில் அப்பா சொன்ன தேதியையும், கணக்கில் 0.86 வந்த தேதியையும், சொல்ல வேண்டாம் என்று நான் தடுத்ததையும் எழுதினேன்.

சோதனை வைத்தார்கள். நூற்றறுபது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய போல்ட் நாற்பத்தொன்று இருந்தது. அந்த வரிசை முழுவதும் பார்த்ததில் இன்னும் மூன்று அகப்பட்டன. அவை வேறு ஆட்கள் வைத்தவை. அப்பா கடிதம் கொடுத்திருந்தால் அவையும் அப்போதே அகப்பட்டிருக்கும். அலமாரிகளை இப்போது புதிதாகப் பிணைக்கிறார்கள். என்மீது விசாரணை நடக்கிறது.

விசாரணைக் கடிதம் வீட்டுக்கு வந்ததால் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா செய்ததைக் கேட்டபோது அவள் முகம் மாறவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமோ என்னவோ. பால்கனியைச் சொன்னதும், உரித்துக்கொண்டிருந்த பட்டாணியைக் கீழே வைத்தாள்.

"எப்போ அது?"

"ரிட்டயர் ஆறதுக்கு நாலு மாசம் முன்னாடி."

விரல் விட்டு மாதங்களைக் கணக்குப் பார்த்தாள்.

"அதுலேருந்துதான், நீ வந்தாலே எழுந்து உள்ள போயிடுவாரு. ஏன்னு கேட்டா, காது மந்தமாயிடுச்சு, அவ பேசறது கேக்கலைன்னு சொன்னாரு. நான் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்டி."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"காது நல்லா இருக்குன்னாரு."