வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை

கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸ் வெட்டுகிறவருக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். முகம் பார்த்து அல்ல, உள்ளே வரும் கண்ணாடியை வைத்து. கழற்றாமலே தூங்கிப் போகிறவர், யோசிக்கும்போது பிரேமின் நுனியைக் கடிக்கிறவர், கோபம் வந்தால் மேஜைமேல் விட்டெறிகிறவர் எல்லாரும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டில் அவர் முன்னால் வந்து படுப்பார்கள். அவர் துடைத்து, நிமிர்த்தி, திருகை முடுக்கி அனுப்பிவைப்பார். கவுண்டர் பக்கம் அவர் வருவதில்லை. அங்கே இருக்கும் பெண் அவரை 'உள்ரூம் அண்ணே' என்பாள். கடையில் அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்றைக்கு மட்டும் எட்டிப் பார்க்கும்.

வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள். அவள் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அவரைக் கூப்பிட ஆளில்லை. பிள்ளைகள் கிடையாது. வெளியூரில் இருக்கும் தங்கை வாரம் ஒருமுறை போன் பண்ணி ரத்த அழுத்தம் விசாரிப்பாள். அவள்தான் தியான வகுப்புக்குப் பிடித்துத் தள்ளினாள்.

"எப்படியும் சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருக்கீங்க அண்ணே. அங்க போய் கண்ண மூடிக்கிட்டு உக்காருங்களேன்."

நியாயமான பேச்சுதான். போனார்.

வகுப்பு ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில், ஞாயிறு காலையில். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ். காவி இல்லை, ஊதுபத்தி இல்லை. புத்தர் சொன்னதை ஊசி போடுகிற குரலில் சொல்லுவார். "ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க, மூச்சு வருது பாருங்க, போகுது பாருங்க, அவ்வளவுதான்." நம்மவருக்கு அது பிடித்துப்போனது. லென்ஸ் வெட்டும் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டே மூச்சைப் பார்க்கப் பழகினார். மாடி வீட்டுக்காரன் தினமும் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கும்போது 'சத்தம், சத்தம்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். குறித்த பிறகும் அவனை நாலு அறை விடவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் முன்பெல்லாம் எட்டு அறை. நிதானமாகச் சாப்பிடுவது எப்படி என்று நர்ஸம்மா சொன்னதையும் முயன்று பார்த்தார். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

பிறகுதான் நாலு நாற்காலி வந்தது. எல்லா உயிரும் நலமாக இருக்க நினைப்பதற்கான பயிற்சி. மனதுக்குள் நாலு நாற்காலி போட வேண்டும். முதலாவதில் நாம். அடுத்ததில் நமக்கு வேண்டியவர். மூன்றாவதில் வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத யாரோ ஒருவர். கடைசியில் வேண்டாதவர். ஒவ்வொருவரையும் பார்த்து 'நலமாக இருக்கட்டும்' என்று உள்ளபடியே நினைக்க வேண்டும்.

கடைசி நாற்காலிக்கு மாடி வீட்டுக்காரன் எழுதி வைத்தாற்போல இருந்தான். மூன்றாவதற்குக் கடைக்கு எதிர்க் கட்டிடத்துக் காவலாளியைப் பிடித்துப் போட்டார். தினமும் காலையில் கடந்து போகிறவர், ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணை மூடினால் சீருடைச் சட்டையும் தொப்பியும் வந்தன, முகம் மட்டும் வரவில்லை. முகம் வராவிட்டால் என்ன, சட்டைக்குச் சொன்னால் போய்ச் சேராதா என்று விட்டுவிட்டார்.

வேண்டியவர் நாற்காலிக்குத்தான் யோசிக்கவே இல்லை. கூப்பிடுமுன் மனைவி வந்து உட்கார்ந்துவிட்டாள், தலை குளித்த ஈரத்தோடு. 'நீ நல்லா இருக்கணும்' என்று அவளிடம் சொல்லச் சொல்ல நெஞ்சு இளகும். நாள் முழுக்க இழுத்துப் பறித்து ஓட்டுவதெல்லாம் சாயங்காலம் அந்த அரைமணிக்காகத்தான் என்று ஆகிவிட்டது.

நர்ஸம்மா ஒரு ஞாயிறு எல்லாரிடமும் யார் யாரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது குட்டு உடைந்தது.

"இறந்தவங்கள அந்த எடத்துல வைக்கக் கூடாதுங்க. ஆரம்பத்துலயே நான் சொல்லியிருக்கணும், என் தப்புதான். மனசு அன்புல நிக்காம வழுக்கிப் போய் துக்கத்துல உக்காந்துக்கும். உயிரோட இருக்கிறவங்க யாரையாவது வைங்க."

'அப்ப எனக்கு ஆள் கிடையாதும்மா' என்று வாய் வரைக்கும் வந்தது. "சரிங்க" என்றார். படியிறங்கும்போது கோபம் மூக்குக்கு மேல் நின்றது. புத்தரே ஆனாலும், ஒரு மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே ஆளை எழுந்து போகச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

இருந்தாலும் முயன்று பார்த்தார். தங்கையை உட்கார வைத்தார். அவள் ரத்த அழுத்தம் கேட்டாள். கவுண்டர்ப் பெண்ணை வைத்தார். அவள் நாற்காலியிலும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவனை வைத்துப் பார்த்தால், அவன் இருக்கிறானா போய்விட்டானா என்பதே தெரியவில்லை. ஊரில் பாதிப் பேரைத் தெரிந்தவருக்கு ஒரு நாற்காலியில் வைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. வகுப்பில் அவருக்குப் பக்கத்துப் பாய் ஒரு பேக்கரியம்மாவுடையது. விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவர். ஆகையால் அவருடைய தியானத்தில் பாதி தூக்கம், சில நாள் லேசான குறட்டையும் உண்டு. மற்றவர்களெல்லாம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மட்டும் உற்சாகமாகச் சொன்னார்:

"எனக்கு அந்த மூணாவது நாற்காலி ரொம்ப சுலபங்க. இதோ, இவருதான். வேணும்னும் இல்ல, வேணாம்னும் இல்ல. பக்கத்துலயே இருக்காரா, தேட வேண்டியதே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நம்மவரும் சிரித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் காவலாளியின் சட்டை நினைவுக்கு வந்தது. முகமில்லாத சட்டை. அப்படியானால் அந்த அம்மா கண்ணை மூடினால் வருவதும் இதே போல ஒரு சட்டைதானே? இத்தனை ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் உப்புக்குச் சப்பாணி. வேண்டாதவராக இருந்திருந்தாலாவது நாலு திட்டு கிடைத்திருக்கும்.

அதோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க யாரிடமும் அவருடைய போன் நம்பரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் சுவரைப் பார்த்துக் கழிந்தன. அந்தச் சுவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல், பிளாஸ்டிக் தட்டில் ஒரு பழுப்பு பிரேம் உள்ளே வந்தது. எடுத்ததுமே கை நின்றுவிட்டது. இடது பக்கம் தாழ்ந்திருந்தது. மடங்கும் இடத்தில் மாவு ஏறிக் கெட்டித்துப் போயிருந்தது. பக்கத்துப் பாயில் இந்தக் கோணலை ஞாயிறுதோறும் பார்த்துக் கை அரித்திருக்கிறார். வகுப்பில் பேசக்கூடாதே என்று சும்மா இருந்தார். இப்போது யோசித்தால், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் அவருக்கும் நினைவுக்கு வரவில்லை. நல்ல நியாயம் இது.

ஊசி முனையால் மாவைச் சுரண்டி எடுத்தார். பிரேமைச் சூடு காட்டி நிமிர்த்தினார். மூக்கில் உட்காரும் குமிழ்கள் இரண்டையும் மாற்றினார். மூச்சைப் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு வந்துபோனது. தட்டில் வைத்து அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் இப்படிப்பட்ட கண்ணாடியை முகத்தில் வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு எழுந்தார்.

"உள்ரூம் அண்ணே, வெளியவா வந்துட்டீங்க!" என்றாள் கவுண்டர்ப் பெண். மழைதான் வரப்போகிறது என்பது போலக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள்.

பேக்கரியம்மா கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தார். "யாரு? நீங்களா? கிட்ட வாங்க. அட, நீங்களேதான்! பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிக் கடைன்னு என்னிக்கோ சொன்னீங்க. இது நாலாவது கடை. எல்லாத்துலயும் நொழஞ்சு கேட்டுட்டு வர்றேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்காவா? வாரா வாரம் உங்க பாயயும் சேத்து விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்ல. கொஞ்சம் வேல."

"நல்ல வேல போங்க. கண்ண மூடினா 'நல்லா இருக்கட்டும்'னு வர்றதுக்கு முன்னாடி, 'எங்க போனாரு இந்த மனுஷன், தனியா கிடக்கிறவராச்சே'ன்னுதான் வருது. தூக்கமே வரல எனக்கு, தியானத்துல." கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "நர்ஸம்மாகிட்ட சொன்னா, இவ்வளவு கவலப்பட்டா அது மூணாவது நாற்காலியே இல்லங்கிறாங்க. வேற ஆளப் பாத்துக்கணுமாம். உங்களால எனக்கு ரெண்டு வேல."

அவர் கண்ணாடியை அந்த அம்மாவின் காதுகளில் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். வட்ட முகம். புருவத்தில் பழைய தழும்பு ஒன்று. நெற்றியோரம் கொஞ்சம் மாவு. 'அப்படின்னா இப்ப நான் எந்த நாற்காலியிலம்மா?' என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்காமல், கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒருதரம் துடைத்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழம வந்துருங்க. பாய நான் விரிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். அவருக்கு அங்கே வீடு நிறைய ஆட்கள், அடுப்பு நிறைய வேலை. எதிர்க் கட்டிடக் காவலாளி அந்த நேரத்தில் பெரிதாகக் கொட்டாவி விட்டார். முன்பல் ஒன்று இல்லை. உள்ரூம் அண்ணன் அதையும் பார்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடினார். மேலே நாற்காலி தரதரவென்று இழுபட்டது. போகட்டும், அவன் முறை கடைசியில்தானே. தனக்கு ஒரு நலம் சொல்லிக்கொண்டார். அடுத்த நாற்காலியில் மனைவி எப்போதும்போல் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். எழுந்து போ என்று சொல்ல மனம் வரவில்லை. வகுப்பில் கேட்டால் திட்டு விழும், விழட்டும்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றார். "இன்னொருத்தங்க வர்றாங்க."

அவள் மறுபேச்சில்லாமல் தள்ளி உட்கார்ந்தாள். அவர் அழ ஆரம்பித்தார். உயிரோடு இருந்த நாளில் அவர் ஒன்று சொல்லி அவள் இப்படி உடனே கேட்டதே இல்லை.