நட்சத்திரம் கட்டாத வீடு

“இந்த வருசம் நட்சத்திரம் கட்ட வேணாம்,” என்று ஆண்டனிராஜ் சொன்னபோது லிடியா அடுப்படியில் நின்று மைதா பசை கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பசை அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் எல்லாம் நட்சத்திரம் தொங்கும். மாடி வீட்டுக்காரன் மினுமினுக்கிற பிளாஸ்டிக் நட்சத்திரம் கட்டுவான், ஓட்டு வீட்டுக்காரன் மூங்கில் குச்சியில் காகிதம் ஒட்டிக் கட்டுவான், கட்டாமல் மட்டும் இருக்க மாட்டான். ஒரு வீட்டில் கட்டவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வருசம் அங்கே சாவு விழுந்திருக்கிறது. அந்த வாசலைத் தாண்டும்போது வாயாடிகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். லிடியாவின் புத்திக்கு முதலில் வந்தது, எரியோடு ஊரில் படுக்கையில் கிடக்கிற புருசனின் அண்ணன் முகம்.

“யாருங்க? பெரியவரா?”

“நம்ம மக,” என்றார் ஆண்டனிராஜ்.

லிடியாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். அனிஷாவா? எப்போது? எந்த ஆஸ்பத்திரி?

“ரிஜிஸ்டர் ஆபீசுல போயிக் கையெழுத்துப் போட்டாள்ல, அன்னைக்கே செத்துட்டா. தெருவும் தெரிஞ்சுக்கிரட்டும்.” சொல்லிவிட்டு மனுசன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். குளித்து, சாப்பிட்டு, பட்டறைக்கும் போய்விட்டார்.

லிடியா வெகுநேரம் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள் என்ற நிம்மதி ஒரு பக்கம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இழவு காக்கச் சொல்கிறாரே, இப்படியும் ஒரு தகப்பனா என்ற திகைப்பு இன்னொரு பக்கம். எதற்கு அழுவது என்றே தெரியவில்லை அவளுக்கு.

அவளிடம் போய் இதைச் சொன்னதுதான் கொடுமை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவர்களுக்கு ஒற்றை அறை வாடகை வீடு. ஆண்டனிராஜ் வேறொருவர் பட்டறையில் ஜன்னல் கிரில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். முதல் கிறிஸ்மஸுக்கு ஜிகினாத் தோரணம் வாங்கக் கடைக்குப் போனவள், விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். திரும்பியவள் சும்மா இருந்தாளா? சிமெண்டுச் சாக்கின் தாளை நனைத்துக் கசக்கி, கரியும் காவியும் தடவி மலை செய்தாள். சிரட்டைகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டு, குழந்தை இயேசுவின் குடிலைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று புல் வைத்தாள். உடைந்துபோன முகம்பார்க்கும் கண்ணாடி பெத்லகேமின் குளமாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அவளை விடவே இல்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். வெட்டி விழுகிற கலர்த் துணியெல்லாம் வருசம் முழுக்க ஒரு தலையணை உறைக்குள் சேரும், டிசம்பரில் பூவும் தோரணமுமாக வெளியே வரும். சவுக்குக் கிளை ஒன்றை வாளி மணலில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டுவாள். திண்டுக்கல் வெயிலில் பனி எங்கேயம்மா பெய்தது என்று கேட்டால், “பெஞ்சா இப்பிடித்தான் இருக்கும், பேசாம பாரு,” என்பாள். எங்கள் வீட்டை எப்படி ஜோடிக்கலாம் என்று யாராவது வந்து நின்றால் போதும், “கடைப்பக்கம் போயிராத. முதல்ல உன் அடுப்படியக் காட்டு,” என்று தையலைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். முட்டை ஓட்டில் பொம்மை முகம் வரைவாள். பேப்பர் கப்பைக் கவிழ்த்து மணி செய்வாள். கெட்டுப்போன சிடிகளை நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டால் சாயங்கால வெயிலில் சுவரெல்லாம் வெளிச்சம் ஓடும்.

நட்சத்திரம் மட்டும் மூன்று பேர் வேலை. ஆண்டனிராஜ் மெல்லிய கம்பியை வளைத்துச் சட்டம் அடிப்பார், லிடியா கலர்க் காகிதம் ஒட்டுவாள், அனிஷா உள்ளே பல்பு மாட்டுவாள். தெரு முனையில் நின்று பார்த்தாலே தெரிகிற அளவுக்குப் பெரிது. “லிடியா வீட்டு நட்சத்திரத்துக்கு எதுத்த வீடு” என்று வழி சொல்கிறவர்கள்கூட உண்டு.

அந்த அனிஷா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே மருந்துப் பெட்டி இறக்க வந்த வடமதுரைப் பையன் முகேஷ்குமாரை, ஜூன் மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் இந்து. நல்லவன்தான், குடி கிடையாது என்று லிடியா அப்போதே விசாரித்துவிட்டாள். ஆண்டனிராஜுக்கு மதம்கூட அவ்வளவு பெரிதாகப் படவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் நெருப்பாக எரிந்தது. அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. “அவகூடப் பேசுனேன்னு தெரிஞ்சுச்சு, என்னைய உயிரோட பாக்க மாட்ட,” என்று பெண்டாட்டியின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இரண்டு போனிலும் மகள் நம்பரை பிளாக் செய்தார். தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியே இந்த ஆம்பளைகள் பாதிப் பொம்பளைகளின் வாயை அடைத்துவிடுகிறார்கள். லிடியாவும் அந்த நெஞ்சுக்குப் பயந்து அடங்கிப்போனாள்.

பக்கத்து வீட்டு மணிமேகலைதான் முதலில் கேட்டாள். கிறிஸ்தவள் இல்லை என்றாலும் வருசா வருசம் வந்து பசை தடவிக் கொடுப்பவள். காம்பவுண்டுச் சுவரோரமாய் வந்து, “என்னக்கா, வாசல் மொட்டையா இருக்கு? ஊருல யாருக்கும் எதுவுமா?” என்றாள்.

“ஆமா,” என்று மட்டும் சொல்லிவிட்டு லிடியா உள்ளே வந்துவிட்டாள். மறுநாள் காலையில் மணிமேகலை ஒரு தூக்குச்சட்டி நிறைய இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தாள். துக்க வீட்டில் உலை வைக்க மாட்டார்கள் என்று நினைத்துக் கொடுத்தது. லிடியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் மகளின் கருமாதிச் சோறு மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆண்டனிராஜ் என்னடாவென்றால் எதுவும் கேட்காமல் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தைக்க உட்கார்ந்தால் கை பாட்டுக்குத் துண்டுத் துணியில் பூச் செய்துவிடும். செய்து முடித்த பிறகுதான் நினைவு வரும். உடனே பிரித்துப் போட்டுவிடுவாள்.

அதைவிட மோசம், கேரல் வந்த சாயங்காலம். மாதா கோயில் இளைஞர்களை அழைத்துக்கொண்டு ஆரோக்கியதாஸ் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தான். டிரம் சத்தம் தெருவையே குலுக்கியது. சிவப்பு அங்கி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டே வந்தார். லிடியாவின் வீட்டுக்கு முன்னால் வந்ததும் ஆரோக்கியதாஸ் கையைத் தூக்கினான். டிரம் நின்றது. ஆட்டம் நின்றது. தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் தலையைக் குனிந்தபடி நின்றார்கள். புருசனும் பெண்டாட்டியும் வாசலில் நின்றிருந்தார்கள். ஆரோக்கியதாஸ் படியருகில் வந்து மெதுவாகக் கேட்டான்.

“எங்களுக்கு விசயமே தெரியாமப் போச்சுக்கா. செத்த நேரம் ஜெபம் பண்ணிட்டுப் போறோம். இறந்தவுக பேரு சொல்லுங்க.”

பெற்று, ஞானஸ்நானம் கொடுத்து, ஆசை ஆசையாய் வைத்த பேரை எடுத்து இறந்தவர் ஜெபத்துக்குக் கொடுக்கச் சொல்கிறான் இந்தப் பையன். அவன் மேல் என்ன தப்பு? லிடியா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். தெருவுக்குத் தெரியட்டும் என்று சொன்ன மனுசன் இப்போது சொல்ல வேண்டியதுதானே? ஆண்டனிராஜ் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பேரு வேணாம் தம்பி,” என்றாள் லிடியா.

பேரில்லாமலே ஜெபித்துவிட்டுப் போனார்கள். நாலு வீடு தாண்டிய பிறகுதான் டிரம் மறுபடி கேட்டது. அன்றிலிருந்து லிடியாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் ஒன்றாய் நின்று கேட்ட ஜெபம் பலித்துவிட்டால்? மகள் வண்டியில் போகிறாளா, பஸ்ஸில் போகிறாளா, சரியாகச் சாப்பிடுகிறாளா, ஒன்றும் தெரியாது. புருசனின் நெஞ்சுக்குப் பயந்து மகளைச் சாகக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம். தெருவெல்லாம் முறுக்கு வேகிற வாசனை. லிடியா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அம்புட்டுதான் அந்த வீட்டில் பண்டிகைச் சமையல். ஆண்டனிராஜ் பின்பக்கம் நின்று கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசைக்குப் போக முகம் மழித்துக்கொண்டிருந்தார். அப்போது தெரு முனையிலிருந்து ஒரு ஒப்பாரிக் குரல் கேட்டது.

எந்த வீட்டில் என்னவோ என்று லிடியா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். குரல் நெருங்க நெருங்க அவளுக்கு உடம்பு சில்லிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் குரல்?

அனிஷா ஓடிவந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை, கூந்தல் அவிழ்ந்து கிடந்தது, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

“என்னயப் பெத்த அப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம மண்ணுல வச்சிட்டாகளே. ஒருக்காக்கூட மூஞ்சியக் காட்டாமப் போயிட்டீங்களே அப்பா.”

வந்தவள் அம்மாவின் மேல் விழுந்தாள். “எப்பம்மா போனாரு? நெஞ்சு வலியா? என்னாலதானம்மா? உன் நட்சத்திரத்த முக்குல நின்னு பாத்துட்டுப் போயிரலாம்னுதாம்மா வந்தேன். உள்ள வரக்கூட நினைக்கல. வாசல் இருண்டு கெடக்கேம்மா.”

இப்படி ஒன்று நடக்கும் என்று லிடியா கனவிலும் நினைக்கவில்லை. அவர் மகளுக்காக இருட்டாக்கிய வாசல், மகளிடம் போய் அவர் சாவைச் சொல்லியிருக்கிறது. “இல்லடி, இல்லடி” என்று சொன்னாள், மகளின் ஒப்பாரியில் அது அமுங்கிப்போனது. அதற்குள் ஒப்பாரி கேட்டுத் தெரு திரண்டுவிட்டது. மணிமேகலை முறுக்கு மாவுக் கையோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டுக்காரர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

பின்பக்கம் ஆண்டனிராஜின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. வெளியே வந்தார். பாதி முகத்தில் நுரை, மேலுக்குச் சட்டை இல்லை, தோளில் துண்டு. தன் சாவுக்குத் தன் மகள் அழுகிற அழுகையை முழுக்கக் கேட்டுவிட்டு வந்த மனுசன். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

குழாயை மூடினாற்போல அழுகை நின்றது. அனிஷா விழித்த கண் விழித்தபடி நின்றாள். கிட்டே போய் அவர் கையைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையெல்லாம் நுரையானது.

“இருக்கீங்களாப்பா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்ப யாருப்பா செத்தது?”

தெருவே அந்தப் பதிலுக்குத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தது. அனிஷா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மொட்டை வாசலைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் வெளிறிப்போவதை லிடியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நானா?” என்றாள் அனிஷா.

ஆண்டனிராஜ் தவித்துப்போய் லிடியாவைப் பார்த்தார். இத்தனை வருசமும் அவர் முழிக்கிற இடத்திலெல்லாம் அவள்தான் குறுக்கே வந்து பேசி அவரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

“என்னையப் பாக்காதீங்க,” என்றாள் லிடியா. “தெருவே கேட்டுச்சு, நான் வாயத் தொறக்கல. இப்பச் செத்தவளே வந்து கேக்குறா. நீங்களே சொல்லுங்க.”

அவர் வாய் கோணியது. துண்டை எடுத்து முகத்து நுரையைத் துடைத்தார், நுரை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, “யாருக்குண்ணே என்ன ஆச்சு? சொல்லுங்கண்ணே,” என்றார்.

ஆண்டனிராஜ் தெரு முனைப் பக்கம் பார்த்தார். அங்கே முகேஷ்குமார் பைக்கைப் பிடித்தபடி, வரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு கையில் அனிஷாவின் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

“யாருக்கும் ஒண்ணுமில்லப்பா,” என்றார் ஆண்டனிராஜ். குரல் உடைந்தது. “மகளும் மாப்ளையும் தலைக் கிறிஸ்மஸுக்கு வந்திருக்காக.”