நான் வாசித்துக்காட்டிய துறவி

எங்கள் மகள் நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, சுரங்கத்தில் அவருக்கு வேலை பெர்மனன்ட் ஆகி, இனி என்ன குறை என்று தலைகால் புரியாமல் இருந்தோம். அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் கணவரோ மாதா கோயில் பூசைக்கு வருவார், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போக மாட்டார். கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நானும் எழுந்து போனதில்லை.

பங்குச் சாமியார் நல்லவர். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தார். பல நூறு வருஷங்களுக்கு முன் ஏதோ மடத்தில் இருந்த துறவி எழுதியதாம். "தினம் ஒரு அதிகாரம் வாசிம்மா, விசுவாசம் தானா ஊறும்" என்றார். நம்பித்தான் ஆரம்பித்தேன். அதை விட்டால் எனக்கு வேறு பிடி இல்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் அவர் வந்து குளித்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும். சாப்பிட்டு, கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். தூக்கம் வராது. ஒருநாள், "அதக் கொஞ்சம் சத்தமாத்தான் படியேன்" என்றார். அந்தப் பழைய தமிழ் அவருக்குப் படிக்க ஓடாது.

வாசித்துக்கொண்டே போனேன். பிள்ளைப் பாசம் ஆத்துமத்துக்கு விலங்கு, அது அறுந்தால் சர்வேசுரனுக்கு நன்றி சொல் என்று ஓர் இடம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெறாத மனுஷனுக்கு என்ன தெரியும்? இதை இவர் காதில் எப்படிப் போடுவது? கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் செபிக்கக்கூட வேண்டாம், அவன் அழுவதையே ஆண்டவர் செபமாக எடுத்துக்கொள்வார் என்று.

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"துறவின்னு சொல்ற. இவருக்கும் புள்ள இருந்து போயிருக்குமோ? இல்லாம இப்படி எழுத வராதே."

"இருந்திருக்குங்க" என்றேன்.

"இன்னொரு தரம் படி."

இரண்டாம் தரம் வார்த்தைகள் கொஞ்சம் மாறிவிட்டன. அவர் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் அழுதார், பிறகு தூங்கிப்போனார்.

அப்படி ஒரு வரி நிஜமாகவே எங்காவது இருக்காதா என்று அந்த வாரம் முழுப் புத்தகத்தையும் தேடினேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்மைக்கு ஆட்கள் எழுந்தபோது அவரும் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. "வா" என்று என்னையும் கூப்பிட்டார். அவருக்குக் கிடைத்தது யார் பேச்சு என்று எனக்கல்லவா தெரியும்?

"நீங்க போங்க."

அப்புறம் அவர் ஒரு ஞாயிறும் விட்டதில்லை. நான் ஒரு தடவையும் எழுந்ததில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெஞ்சில் இரண்டு பேராவது இருந்திருப்போம். சொல்ல மனசு வரவில்லை.