சித்தியின் முகவரிகள் காணாமல் போன வாரம்

1. அந்தமானில், வண்டூர் கடற்கரையில் இருக்கும் என் சித்தியின் பழைய லேப்டாப்பில் உப்புக் காற்று பட்டுக் கீல் துருப்பிடித்து, ஒருநாள் மூடி கையோடு வந்துவிட்டது.

2. சித்தியின் கொழுந்தன் அதை போர்ட் பிளேரில் ஒரு கடையில் கொடுத்து, புதியது ஒன்றை மாற்றி வாங்கிவந்தார். இதைச் செய்யும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

3. புதிய லேப்டாப்பில் சித்தி மெயில் புரோகிராமைத் திறந்து, கடிதம் யாருக்கு என்ற இடத்தைத் தட்டினார். முகவரிப் புத்தகம் திறந்தது. அதில் ஒரு பெயர்கூட இல்லை.

4. கொழுந்தன் அதை வைரஸ் என்றார். பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரர் மழையால் நெட் மந்தம் என்றார். மெயின்லேண்டில் இருந்து பேசிய உதவி மையப் பெண், லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள்.

5. மூவர் சொன்னதையும் செய்து பார்த்து முடித்த பிறகு, கம்ப்யூட்டர் படித்தவள் ஒருத்தி குடும்பத்தில் இருப்பது நினைவுக்கு வந்து, என்னைக் கூப்பிட்டார்கள்.

போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அது பிரிண்டருக்குக் காகிதம் போடுகிற வேலை. ஆகவே ஐந்தாவது இடத்தில் என்னை வைத்ததில் எனக்கு வியப்பில்லை.

சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். சித்தி வாசலிலேயே ஆரம்பித்தார்.

"ஏட்டி, எல்லாரும் போயிட்டாவ. ஜெர்மன்காரர் போயிட்டாரு, பறவை டாக்டர் போயிட்டாரு, மீன் தொடாத பெங்களூர் டீச்சர் போயிட்டா. ஒருத்தர்கூட இல்ல."

யாராவது கேட்டால் கப்பல் கவிழ்ந்தது என்றே நினைத்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் சித்தியின் விருந்தினர்கள். வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் இருக்கின்றன. சித்தப்பா இறந்த பிறகு சித்திக்கு அவைதான் பிழைப்பு. எந்த இணையதளத்திலும் அந்த அறைகள் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் முன்பு வந்து போனவர்கள், அல்லது அவர்கள் சொல்லி வருகிறவர்கள். மழை ஓயத் தொடங்கியதும் சித்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவார்: கடல் தெளிந்துவிட்டது, இந்த முறை எப்போது வருகிறீர்கள்? அந்தக் கடிதங்கள் போனால்தான் அறைகள் நிறையும். முகவரிகளை சித்தி அடையாளம் சொல்லித்தான் பதிந்து வைத்திருந்தார். 'குறட்டை ஜெர்மன்' என்று ஒன்று. 'புனே, சண்டைபோடும் ஜோடி' என்று ஒன்று. இவர்களுடைய உண்மையான பெயரைக் கேட்டால் சித்திக்குத் தெரியாது. போன் நம்பரும் வாங்கி வைத்ததில்லை.

கடிதம் போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கொழுந்தன் ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருந்தார். அவர் மெயின்லேண்டில் இருந்து வரும் சுற்றுலாக் கூட்டங்களைப் பிடித்துத் தீவைச் சுற்றிக்காட்டுகிறவர். இரண்டு அறைகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் தயார் செய்து வைத்திருந்தார். வாசலில் அவருடைய போர்டு. யார் வருவது, எவ்வளவு நாள் தங்குவது எல்லாம் அவர் முடிவு.

"நீங்க சும்மா சமைச்சுப் போட்டா போதும் மைனி. டென்ஷனே நஹி. அடுத்த ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வாறேன், கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். லேப்டாப்பை வேண்டுமென்றே மாற்றினாரா என்று பின்னால் சிலர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. அதற்கு வேண்டிய அறிவு அவரிடம் இல்லை.

நான் உட்கார்ந்து பார்த்தேன். முகவரிகள் அழியவில்லை, அந்த மெயில் கணக்கில் அவை ஒருபோதும் இருந்ததே இல்லை. தீவில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்பு எங்களுக்கு இணையம் சாட்டிலைட் வழியாக வந்தது. வந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மெயில் புரோகிராமைத் திறந்தால் அது சர்வரைத் தேடித் தேடித் திரையோடு உறைந்து நிற்கும். அதனால் எல்லாரும் 'ஆஃப்லைன்' என்பதில் டிக் போட்டுவிட்டு நிதானமாகக் கடிதங்களை எழுதி வைப்போம். விடியற்காலையில் லைனில் கொஞ்சம் உயிர் இருக்கும். அப்போது டிக்கை எடுத்து, எழுதியதை அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு, மறுபடி டிக் போடுவோம். இறக்கிய கடிதம் சர்வரில் இருந்து அழிந்துவிடும்படியும் வைத்திருப்போம். அதையே இன்னொரு முறை இறக்க யாருக்கும் பொறுமை கிடையாது. இப்போது லைன் நன்றாகவே இருக்கிறது. சித்தி இன்னும் கேஸ் சிலிண்டரை மூடுவதுபோல் ஒவ்வொரு முறையும் டிக் போடுகிறார்.

ஆகவே முகவரிகள், பழைய கடிதங்கள் எல்லாம் அந்தத் துருப்பிடித்த லேப்டாப்பின் டிஸ்க்கில் மட்டும் இருந்தன. அந்த லேப்டாப் கடைக்காரரிடம் இருந்தது.

"எல்லாத்தயும் மாத்திக் குடுத்தாச்சுன்னு சொன்னானே!" என்றார் கொழுந்தன்.

"எதை எல்லாம் சித்தப்பா?" என்றேன். அவரும் எனக்குச் சித்தப்பா முறைதான்.

"எல்லாத்தயும்தான்."

மாற்றிக் கொடுத்தது எது என்று பார்த்தேன். போட்டோக்கள். கோழிக் குழம்புக் குறிப்பு ஒன்று. வால்பேப்பர்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெயின்லேண்டில் மூன்று மாத கோர்ஸ் படித்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"அரே மேடம், இப்பல்லாம் சப் குச், எல்லாமே கிளவுட்ல இருக்கும். லாகின் பண்ணினா தானா வந்துரும்."

"எந்தக் கிளவுட்ல?"

அவர் கண்கள் ஒரு கணம் கூரையைப் பார்த்தன. சத்தியமாகப் பார்த்தன.

"லாகின் பண்ணியாச்சு. வரல. பழைய லேப்டாப் எங்க?"

"அதுக்குப் புது மூடி போட்டாச்சு. டிக்லிபூர்ல வாங்குற பார்ட்டி ரெடி. இன்னிக்கு சாயங்காலம் ஃபார்மேட் பண்ணி நாளைக்கு அனுப்பணும்."

"ஃபார்மேட் பண்ணல இல்ல?"

"கரென்ட் போயிருச்சு மேடம், இப்பதான் வந்துச்சு. இல்லன்னா காலையிலயே முடிச்சிருப்பேன்."

தீவின் மின்சாரத்தைப் பற்றி நான் நல்லதாகச் சொன்ன நாள் அது ஒன்றுதான். என் லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன். மெயில் புரோகிராம் தன் பொருள்களை எந்த ஃபோல்டரில் மறைத்து வைக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் காட்டியபோது, "இது சிஸ்டம் ஃபைல், தொடக் கூடாதுன்னு கோர்ஸ்ல சொன்னாங்க" என்றார். அந்த கோர்ஸில் கற்றுக் கொடுத்த ஒன்றையாவது அவர் மறக்கவில்லை. நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மாலை வண்டூரில் அதைப் புதிய லேப்டாப்பில் ஏற்றினேன். தொடர்புகள் எல்லாம் வரிசையாக வந்தன. சித்தி கை தட்டினார். பிறகு புதுக் கடிதம் திறந்து பெறுநரைத் தேடினார். மறுபடி வெறுமை.

கொழுந்தன் கதவருகே நின்று கொண்டிருந்தார். "நா அப்பவே சொன்னேன்லா, வைரஸ்னு."

ஃபோல்டர் வந்துவிட்டால் போதாது. அதை முகவரிப் புத்தகமாகக் காட்டு என்று தனியாக ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். யார் இப்படி யோசித்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை விருந்தாளி என்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் சோறு போடுவேன் என்பதுபோல் இருக்கிறது. குறியிட்டேன். குறட்டை ஜெர்மன் முதல் புனே ஜோடி வரை எல்லாரும் வந்து நின்றார்கள். கொழுந்தனுக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்தது.

சித்தி அடுத்த சில நாள்கள் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதினார். நான் தினமும் போனில் கேட்டேன். பதில் ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமை இல்லை, சனிக்கிழமையும் இல்லை.

"வயசானவங்க பிள்ளே. பாதிப் பேரு செத்திருப்பாவ. மீதி பேரு என்னய மறந்திருப்பாவ."

சித்தியின் குரலில் எப்போதும் இருக்கும் சண்டைக்குணம் போய்விட்டிருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தன் பூசைச் சட்டையோடு நாற்காலியில் இருந்தார். மேசையில் ஒப்பந்தம். சித்தி பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வா மா. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடிட்டிருந்தேன்" என்றார் அவர்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். திரையின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில்: ஆஃப்லைன். அவுட்பாக்ஸில் சித்தி எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் அப்படியே அடுக்கிக் கிடந்தது. ஒன்றுகூட வீட்டை விட்டுப் புறப்படவில்லை.

"சித்தி, டிக் போட்டீங்களா?"

"போடாம? எழுதும்போது டிக் போடணும்லா. இல்லன்னா தொங்கிரும்."

"விடியக்காலைல எடுக்கணுமே."

"இப்பதான் நெட்டு நாள்பூரா வருதே, அதுவா போவும்னு விட்டுட்டேன்."

பழைய பழக்கத்தில் பாதியை வைத்துக்கொண்டு, புதிய வசதியில் பாதியை நம்பியிருக்கிறார். நான் படித்த படிப்பில் அதற்கு மருந்து இல்லை. டிக்கை எடுத்தேன். கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சித்தி பேனாவை மூடாமல் திரையையே பார்த்தார். கொழுந்தன் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"மைனி, போகட்டும், நல்லது. ஆனா பதில் வரவா போகுது? இத முடிச்சிருவோம்."

அவருடைய டீ ஆறுவதற்குள் பெங்களூர் டீச்சரின் பதில் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தங்கையோடு வருகிறாராம். இந்த முறையும் மீன் வேண்டாமாம். ஏன் இத்தனை தாமதமாக எழுதினீர்கள், உடம்பு சுகமில்லையா என்று கேட்டிருந்தார்.

சித்தி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனாவை மூடிக் கொழுந்தனிடம் நீட்டினார்.

"இந்தாங்க. ஒங்க பேனா."

இப்போதைய நிலை: புனே ஜோடியும் வருகிறது. ஜெர்மன்காரரின் முகவரியில் இருந்து கடிதம் திரும்பி வந்துவிட்டது. சித்தி அந்த முகவரியை அழிக்க விடவில்லை. முகவரிகளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாசலில் போர்டு எதுவும் இல்லை. சித்தி டிக் போடுவதை நிறுத்தவில்லை.