இருபத்தோராவது அதிரசம்

எழும்பூரில் இறங்கும்போது காலை மணி ஏழேகால். திருநெல்வேலியில் கிளம்பிய வண்டி அரை மணி நேரம் தாமதம். தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் பெட்டி எப்படியிருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதையில் ஒருவர் புதுத்துணிப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவரைத் தாண்டித் தாண்டியே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. என் கையில் இரண்டு கிலோ அல்வா. என் மனைவி கமலா கையில் தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து. மகள் சுபாவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல் தடவையாகப் பண்டிகைக்குப் போகிறோம். வெறுங்கையோடு போக முடியுமா?

பூங்கா நிலையத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் அம்பத்தூருக்கு டிக்கெட் எடுத்தோம். ஆளுக்கு ஐந்து ரூபாய். எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்காது. பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று ஸ்டேஷன்கள் ஓடின. கொரட்டூரில் ஒரு அம்மாள் வாழைக்குலையோடு ஏறி அதை என் காலில் வைத்தார். நான் முறைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "பண்டிகதானே, கோச்சிக்காத நைனா" என்றார். பிறகு எப்படிக் கோபப்படுவது?

அம்பத்தூர் நிலையத்திலிருந்து அயனம்பாக்கம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். நான் நூற்றைம்பது என்றேன்.

"அண்ணாத்தே, பண்டிக டைம்ல நூத்தம்பதுக்கு எவன் வருவான்? நூத்தி எண்பது குடு, ஏறிக் குந்து. பைல இன்னா, அல்வாவா? வாசன தூக்குது!"

நூற்றெண்பது கொடுத்தேன். அல்வா கொடுக்கவில்லை.

சம்பந்தி கோதண்டத்தின் குடும்பம் அயனம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த நிலத்தில் நாலு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. கோதண்டம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "மழைய நம்பி வயித்துல நெருப்ப கட்டிக்கினு இருந்தது போதும் சம்பந்தி. இப்ப ஒண்ணாம் தேதி ஆனா சம்பளம்" என்பார். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரிகிறது. மழையில் நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வீடு முழுக்க வெல்லப்பாகு மணம். எனக்கு இனிப்பு என்றால் உயிர். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டியிலிருந்து முதலில் வருவது எதுவானாலும் ருசி பார்ப்பது என் வேலை; கமலா எனக்குக் கொடுத்திருக்கும் ஒரே சமையல் வேலை அதுதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டும்போது உதவும்.

சாயங்காலம் சம்பந்தியம்மா மல்லிகா எங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் தீபாவளிக்குக் கேதார கௌரி நோன்பு உண்டு. இருபத்தொரு அதிரசம், இருபத்தொரு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், நோன்புக்கயிறு எல்லாம் முறத்தில் வைத்து, ஏரிக்கரை அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்துக்கொண்டு வரவேண்டும். போன வருஷம் பங்காளி ஒருவர் இறந்த தீட்டு, நோன்பு நின்றுபோனது.

"இந்த வருசமும் உட்டா ரெண்டு வருசம் ஆயிடும்மா" என்றார் கமலாவிடம். "அப்பறம் நோன்பு இருக்கற வேற ஊட்டுல போயி, எங்களுக்கும் நோன்ப எடுத்துக் குடுங்கன்னு கேட்டு நிக்கணும். எங்க மாமியா காலத்துலேந்து ஒரு தடவகூட அப்படி நின்னதில்ல. அத்தான் இந்த வருசம் சுபா கைல மொறத்த குடுத்துடலாம்னு கீறேன்."

சுபாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. பாகெடுத்து மாவு பிசைந்ததே அவள்தானாம், நாலு நாள் முன்பு. பெரிய குண்டானில் இருந்த மாவை நாங்கள் வந்த அன்று மதியமே சுட்டுப் பெரிய டப்பாவில் போட்டுவிட்டார்கள். அது தின்பதற்கும் தெருவுக்குக் கொடுப்பதற்கும். சின்னப் பித்தளைத் தூக்கில் இருந்தது நோன்பு மாவு. சரியாக இருபத்தொன்றுக்கு. அதை மறுநாள் காலை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தொடவேண்டும். படைக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இதெல்லாம் எனக்குப் பிறகு கமலா சொல்லித் தெரிந்தது. மல்லிகா அம்மா விளக்கிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவிலிருந்து எடுத்த மூன்றாவது அதிரசத்தில் இருந்தேன். காதும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை எனக்கு.

மறுநாள், தீபாவளி. நாலரை மணிக்கு எண்ணெய் வைத்து எழுப்பிவிட்டார்கள். குளித்து, புது வேட்டி கட்டி, மாடிக்குப் போய் வெடிப்புகை ஏரிமேல் படர்வதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது மணி ஆறு நாற்பது. சமையலறையில் ஆளில்லை. மேடையில் ஒரு பித்தளைத் தட்டு, மேலே வாழையிலை. இலையைத் தூக்கினேன். அடடா! அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்து, கிண்ணத்தின் அடியால் அழுத்தி எண்ணெய் வடித்த அதிரசம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, ஏலக்காய் மணம். முந்தின நாள் தின்றதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. எடுத்தேன், தின்றேன், இலையை மூடினேன், வெளியே வந்து பேப்பரை விரித்தேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

எட்டு மணிக்கு முறத்தில் அடுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தினேஷ் கோயிலில் வரிசை பிடிக்க முன்னாலேயே போய்விட்டார். காலண்டரில் அமாவாசை பகல் பன்னிரண்டு வரை; அதற்குள் படைத்தாக வேண்டும்.

"இன்னாம்மா இது, இருவதுதான் கீது?" என்றது மல்லிகா அம்மாவின் குரல்.

"இல்லத்த, எண்ணித்தான் போட்டேன். இருபத்தொண்ணு" என்றாள் சுபா.

"திரும்ப எண்ணு."

எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். இருபது. மல்லிகா அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மொத மொத கைல குடுத்தேன்... சரி, உடு" என்று மட்டும் சொன்னார். சுபா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வார்த்தை வந்தால் அழுதுவிடுவாள்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்தொன்றில் ஒன்று போனால் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் சாமிப் பலகாரத்தைத் திருடித் தின்றவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? ஆனால் என் வாய்க்கு என் மகள் பழி சுமப்பதா? எழுந்து போனேன்.

"அவ சரியாத்தான் எண்ணினா. ஒண்ண நான் தின்னுட்டேன்."

கமலா பிடித்துக்கொண்டாள். "தின்னுட்டியளா? வயசு அறுபத்திமூணு ஆவுது, வாய அடக்கத் தெரியல! ஊர்லதான் இப்படின்னா வந்த எடத்துலயுமா?"

மல்லிகா அம்மா என் பக்கம் திரும்பினார். "குளிச்சிட்டுத்தானேண்ணா எடுத்தீங்க?"

"குளிச்சிட்டுத்தாம்மா."

"அப்ப மீதி இருவதுக்கு ஒண்ணியும் ஆவல. ஒண்ணுக்குத்தான் வழி பாக்கணும்."

வழி சுலபமில்லை. டப்பாவில் இருந்தது குளிக்காமல் சுட்டது, எல்லோரும் கையை விட்டு எடுத்துத் தின்றது. கடையில் வாங்கியது ஆகாது. புதிதாகப் பாகெடுத்தால் மாவு ஒரு நாளாவது ஊறவேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் பிரிந்துபோகும். நோன்பிருக்கிற வேறு வீட்டில், வாய் படாத மாவு ஒரு உருண்டை கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எட்டே முக்காலுக்குக் கோதண்டம் தன் மொபெட்டைக் கிளப்பினார். பின்னால் நான், மடியில் காலித் தூக்கு.

எதிர் வீட்டில் எல்லாவற்றையும் சுட்டு முடித்திருந்தார்கள். "இங்க ஆவாது, வானகரத்துல என் சித்தப்பா பையன் ஊடு கீது, போலாம்" என்றார் கோதண்டம். நாலு கிலோமீட்டர். பைபாஸ் ஓரமெல்லாம் மழைத்தண்ணீரும் சிவப்பு வெடிக்காகிதமும் கலந்து ஓடின. என் புது வேட்டி முழங்கால்வரை சேறு. அந்த வீட்டில் மாவு இருந்தது! எனக்கு உயிர் வந்தது. வீட்டு அம்மாள் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். மாவு, பக்கத்திலேயே நேற்று வாங்கிய ஆட்டுக்கறி.

"நோன்புக்குன்னு கேக்கறீங்க. தெரிஞ்சே குடுத்தா பாவம்ண்ணா" என்றார். நல்ல மனுஷி. தட்டு நிறைய முறுக்கு வைத்தார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

மணி ஒன்பதே முக்கால். கோதண்டம் வண்டியருகே நின்று தலையைச் சொறிந்தார். எங்கேயோ போக யோசிப்பவர் மாதிரி இல்லை. எங்கேயோ போகாமலிருக்க யோசிப்பவர் மாதிரி இருந்தது.

"சம்பந்தி, வேற யாருமே இல்லையா?"

"கொரட்டூர்ல எங்க அக்கா கீது..."

"அங்க ஏன் மொதல்லயே போகல?"

"குந்துங்க, போலாம்" என்று வண்டியைக் கிளப்பினார்.

அத்திப்பட்டு வழியாகத் தொழிற்பேட்டையைக் கடந்தோம். கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. வாசல்களில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கியது. எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா வீடு. அறுபத்தைந்து வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். வாசலில் நாங்கள் தூக்கோடு நிற்பதைப் பார்த்ததும், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாடா கோதண்டம், திரும்பவும் தின்னுட்டியா?"

"நான் இல்லக்கா! இவரு!"

"இவருமா? நல்லா ஜோடி சேந்தீங்கடா!"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எட்டு வருஷத்துக்கு முன் இதே கோதண்டம், இதே மாதிரித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றிருக்கிறார். யாரும் எண்ணுவதற்கு முன் இங்கே ஓடிவந்து, அக்காவையே ஒன்று சுட்டுத்தரச் சொல்லி வாங்கிப்போய் அடுக்கிவிட்டார். வெளியே மூச்சு விடவில்லை. அக்கா அன்றிலிருந்து ஒரு உருண்டை மாவு அதிகமாகப் பிடித்து, வருஷா வருஷம் தனியாக எடுத்து வைக்கிறாராம்.

"எவனாச்சும் ஒரு ஆம்பள வருவான்னு தெரியும். போன வருசம் எங்க எதிர்த்த ஊட்டுக்காரன் வந்தான்" என்று சொல்லித் தூக்கில் மாவைப் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் கோதண்டம் என்னைக் கெஞ்சினார். "எங்க ஊட்டுக்காரியாண்ட மட்டும் சொல்லிடாத சம்பந்தி. பேஜாராயிடும்." அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசியவர் இப்போது ஒருமையில் இறங்கிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பத்தே முக்காலுக்கு வீடு. சுபா மறுபடி கையைக் கழுவி, மாவை இலையில் தட்டி எண்ணெயில் விட்டாள். பிரியாமல் வெந்து மேலே வந்தது. அதை முறத்தில் வைத்தபோதுதான் பார்த்தோம்: மற்ற இருபதும் பொன்னிறம், இது மட்டும் கருத்திருந்தது. அக்கா கருப்பு வெல்லம் போடுகிறவர்.

பதினொன்றேகால். சுபா பட்டுப்புடவையில் முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தாள். பின்னால் மல்லிகா அம்மா, கமலா. நானும் கோதண்டமும் குற்றவாளிகள், கடைசியில். கோயிலில் அறுபது எழுபது முறம் இருக்கும். தினேஷ் பிடித்து வைத்த இடத்தில் சுபா முறத்தை இறக்கினாள். குருக்கள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, கயிற்றை எடுத்துக் கொடுத்தார். மல்லிகா அம்மா அதைத் தன் கையால் சுபாவுக்குக் கட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெடிப்புகை என்று கமலாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து பிரசாதம் பிரித்தார்கள். மல்லிகா அம்மா அந்தக் கருப்பு அதிரசத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொரட்டூர் அண்ணி வெல்லம்" என்றார். "எட்டு வருசம் முன்னாடியும் நம்ம மொறத்துல ஒண்ணு இப்டித்தான் கருப்பா இருந்திச்சி. தீஞ்சிபோச்சின்னு நெனச்சேன்." நிதானமாகக் கணவரைப் பார்த்தார். "தீயல, இல்ல?"

கோதண்டம் என்னைப் பார்த்தார். சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை என்று கையை விரித்தேன். முதலில் சிரித்தது சுபாதான். பிறகு வீடே சிரித்தது. மல்லிகா அம்மா அதை இரண்டாகப் பிட்டு, பாதியைக் கோதண்டத்துக்கும் பாதியை எனக்கும் கொடுத்தார். காலையில் தின்றதைவிட இது ருசி. கருப்பு வெல்லத்துக்கு ஒரு மணம் இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் மாலை நாலு மணிக்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் எண்ணிக்கையே கிடையாது. பண்ணுகிறோம், தின்கிறோம், தீர்ந்தால் மறுபடி பண்ணுகிறோம். ஒன்று குறைந்ததற்காக கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் ஒருவர் தேடி அலையலாம் என்பதே எனக்குப் புதுசு. வெறும் மாவுதான். ஆனால் சுபா கழுத்தை நிமிர்த்தி நடந்த நடை அந்த எண்ணிக்கை சரியாக இருந்ததால் வந்தது. நான் அதைக் கெடுக்கப் பார்த்தேன் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பட்டரவாக்கம் தாண்டியதும் கமலா மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். மல்லிகா அம்மா கொடுத்தனுப்பிய அதிரசம், மேலே வாழையிலை. எனக்கு வாய் ஊறியது. ஆனாலும் கையை நீட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி மெதுவாகி ஒரு ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. பலகையைப் பார்த்துவிட்டுக் கமலா டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"தைரியமா எடுத்துத் தின்னுங்க. குறைஞ்சா என்ன, கொரட்டூர் வந்துட்டுல்லா."